பரணிலிருந்து இறங்கிய அட்டைகள்: காலம் கணிப்பது, காப்பது, அதே பாணியில் வரைவது

கேள்வி இதுதான். தண்டையார்பேட்டை வீட்டுப் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியிருக்கிறது. உள்ளே அறுபது எழுபது பாக்கெட் நாவல்கள், கொஞ்சம் காமிக்ஸ், நாலைந்து பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள், பத்திரிகைத் தொடர்கதையை வாராவாரம் கிழித்துத் தைத்த இரண்டு பைண்டு வால்யூம்கள். இந்த அட்டைகள் ஏன் இப்படிக் கண்ணைப் பிடித்து இழுக்கின்றன? எந்த ஆண்டினவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? செல்லரிக்காமல் எப்படி வைப்பது? காசிமேட்டில் நடக்கும் ஒரு துப்பறியும் குறுநாவலுக்கு இதே பாணியில் அட்டை போட முடியுமா?

முதல் கேள்வி சரியாகப் புரிந்தால் கடைசிக் கேள்வி பாதி முடிந்த மாதிரி. ஆகவே அதிலிருந்து தொடங்குவோம்.

பழசு என்பதால் இழுக்கிறது என்பது அரைப் பதில். அதே பெட்டியில் அதே வயதில் ஒரு ரேஷன் கார்டும் பாஸ்புக்கும் கிடந்திருக்கும். அவை யாரையும் இழுக்கவில்லை. அட்டை இழுப்பதற்குக் காரணம், அது இழுப்பதற்காகவே செய்யப்பட்ட பொருள். பெட்டிக்கடையில் கயிறு கட்டி, கிளிப் மாட்டித் தொங்கவிட்ட இருபது புத்தகங்களில் ஒன்று அது. பஸ் வருவதற்குள், பத்தடி தூரத்தில் நிற்கிறவரின் கை பாக்கெட்டுக்குள் போக வேண்டும். அதனால் அட்டையில் ஒரு முகம், ஓர் ஆபத்து, ஒரு பெரிய நிறம். நான்காவதாக ஒன்றைச் சேர்த்தால் எதுவும் கண்ணில் நிற்காது.

இன்னொரு காரணம் படம் வரைகிறவர்களுக்கே பலநேரம் தெரிவதில்லை. அந்த ஓவியர் வாசகரின் கண்ணுக்கு மட்டும் வரையவில்லை. பிளாக், அதாவது படத்தை அச்சடிக்கும் உலோகத் தகடு செய்கிறவருக்கும், அச்சு மெஷினுக்கும், மட்டமான காகிதத்துக்கும் சேர்த்து வரைந்தார். ரத்தச் சிவப்பு வானம் ஏன்? நாலு வண்ண அச்சில் மெஜந்தா என்ற ஊதாச் சிவப்பையும் மஞ்சளையும் முழுசாக, புள்ளியில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று அடித்தால் சிவப்பு வரும். புள்ளி இல்லாததால் மை பரவினாலும் கெடாது. மஞ்சள் பின்னணியும் அப்படித்தான். ஆனால் மாலை வானத்தின் மங்கிய ஊதா மூன்று நிறப் புள்ளிகள் கலந்தால்தான் வரும். நியூஸ் பிரிண்டில் 50 சதவீதப் புள்ளி மை பரவி 70க்கு மேல் தெரியும், வானம் சேறாகிவிடும். ஆகவே அனுபவமுள்ள ஓவியர் இடைநிறங்களைத் தவிர்த்தார். வெளிச்சம் என்றால் வெளிச்சம், இருட்டு என்றால் இருட்டு. முகத்தைச் சுற்றி அந்தக் கனமான கறுப்புக் கோடும் அலங்காரத்துக்கு மட்டும் அல்ல. சிவப்பும் மஞ்சளும் ஒரு நூல் விலகி உட்கார்ந்தால், அதாவது ரெஜிஸ்டர் நகர்ந்தால், அந்த விலகல் கோட்டுக்கடியில் ஒளிந்துகொள்ளும். இன்றைக்கு நாம் ஸ்டைல் என்று சொல்வதில் பாதி அன்றைக்கு முன்ஜாக்கிரதை.

இதைப் புரிந்துகொள்ளாமல் கணினியில் ஒரு படத்தை எடுத்து, மேலே மஞ்சள் சாயம் பூசி, நாலு மடிப்புக் கோடும் காபிக் கறையும் வைத்து ரெட்ரோ என்று விற்கிறார்கள். கறை அந்தக் கலையின் பகுதியே அல்ல. கடையில் தொங்கிய நாளன்று அந்த அட்டை பளபளவென்றுதான் இருந்தது.

இந்த மாதிரி மலிவுக் கதைப் புத்தகங்களை பல்ப், அதாவது கூழ் என்று சொல்வார்கள். அந்தப் பெயர் அமெரிக்காவிலிருந்து வந்தது. பிராங்க் மன்சி என்பவர் 1896ல் தன் ஆர்கஸி பத்திரிகையை முழுக்க முழுக்கக் கதைப் பத்திரிகையாக்கி, மரக்கூழில் செய்த மலிவுக் காகிதத்தில் அடித்து, 10 சென்டுக்கு விற்றார். சுமார் 7க்கு 10 அங்குலம். உள்ளே சொரசொரப்பான காகிதம், வெளியே வழவழப்பான வண்ண அட்டை. கூழ் என்பதுதான் பெயராக ஒட்டிக்கொண்டது. 1930களில் வியர்டு டேல்ஸ் இதழின் அட்டைகளில் பல மார்கரெட் பிரண்டேஜ் என்ற பெண் ஓவியர் பேஸ்டல் சுண்ணத்தில் வரைந்தவை. உலகப்போர்க் காலக் காகிதத் தட்டுப்பாடும், பிறகு பேப்பர்பேக்கும் டெலிவிஷனும் அந்த வகையை 1950களில் முடித்துவைத்தன.

நம் பாக்கெட் நாவலை அதன் பிள்ளை என்று சொல்வது முழுச் சரியல்ல. இதற்கு உள்ளூரிலேயே பாட்டன் உண்டு. ஜார்ஜ் டவுன் குஜிலி பஜாரில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்கள், கொலைச் செய்திகளைப் பாட்டாகச் சொன்ன கொலைச்சிந்துகள். கொண்டித்தோப்பு வெங்கட்டராமர் தெருவிலிருந்து இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் வெளியிட்ட பெரிய எழுத்துக் கதைகள், அவற்றில் வந்த, மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த படங்கள். பிறகு கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த காலண்டர் சாமிகள். 1950லிருந்து பொன்னியின் செல்வனுக்காக கல்கியில் மணியம் போட்ட படங்கள். சினிமா பேனர்கள். எண்பதுகளில் பாக்கெட் நாவல் பெருகியபோது ஜெயராஜ், மாருதி போன்ற ஓவியர்களின் கைக்கு இத்தனை ஊற்றும் வந்து சேர்ந்திருந்தது. கன்னத்தில் ஒரு பக்கம் ரோஜா நிறம், மறு பக்கம் பச்சை நிழல் என்ற வழக்கம் பேனர்க்காரர்களிடம் ஏற்கெனவே ஊறியிருந்தது.

உங்கள் பெட்டியில் உள்ள காமிக்ஸுக்கும் ஒரு தனிக் கதை. சிவகாசியிலிருந்து 1972ல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் கதை இரும்புக்கை மாயாவி. அது 1962ல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் வந்தது, வரைந்தவர் ஸ்பெயினைச் சேர்ந்த ஜீசஸ் பிளாஸ்கோ. ஆக, உள்ளே இருக்கும் கோடு ஒரு நாட்டுக்காரருடையது, அட்டை வேறு ஊரில் தயாரானது என்பது சாதாரணம். அட்டையையும் உள்படத்தையும் ஒரே ஆள் வரைந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, காலம் கணிப்பது. முதலில் அச்சு விவரம் உள்ள பக்கம். பல பாக்கெட் நாவல்களில் அது கடைசிப் பக்க அடியிலோ பின் உள்ளட்டையிலோ பொடி எழுத்தில் இருக்கும். அது கிழிந்து போயிருந்தால் நான்கு தடயங்கள் உதவும்.

விலை: அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன், ந.பை. (நயா பைசா) என்று போட்டிருந்தால் 1957 முதல் 1964 வரை; அதன்பிறகு நயா போய்விட்டது, வெறும் பைசா, காசு.

முகவரி: சென்னை-21 என்று மட்டும் இருந்தால் பழையது, சென்னை-600 021 என்று ஆறு இலக்கத்தில் இருந்தால் கண்டிப்பாக 1972 ஆகஸ்ட் 15க்குப் பின். பழைய பாணியில் எழுதுவது பிறகும் பல வருடம் நீடித்தது. அதனால் ஆறு இலக்கம் இருப்பது சாட்சி, இல்லாதது சாட்சி அல்ல.

எழுத்து: லை, ளை, ணை, னை ஆகியவற்றில் யானைத் துதிக்கை மாதிரி மேலே சுருண்ட பழைய கொம்பு இருக்கிறதா, ணா, றா, னா பழைய வடிவில் கீழே வளைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978ல். பெரியாரின் பத்திரிகைகள் 1935லேயே மாறிவிட்டன. மற்றவர்களுக்கு ஈய எழுத்தை மாற்றச் செலவு, எனவே எண்பதுகளிலும் பழைய வடிவம் வரும். அட்டையில் கையால் எழுதிய தலைப்பு புதிய வடிவில், உள்ளே அச்சுக்கோத்தது பழைய வடிவில் என்று இரண்டும் கலந்த புத்தகம் கிடைத்தால் பெரும்பாலும் மாற்றம் நடந்த அந்தச் சில ஆண்டுகளைச் சேர்ந்தது.

நான்காவது, அச்சு முறை. கடிகாரம் ரிப்பேர் செய்பவர் கண்ணில் மாட்டும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று போதும். எழுத்தின் ஓரத்தில் மை பிதுங்கிக் கரை கட்டியிருந்தால், பக்கத்தின் பின்புறம் விரலில் மேடு தட்டினால், அது லெட்டர்பிரஸ், அதாவது மேடான எழுத்தில் மை தடவி அழுத்தும் அச்சு. பொடிப்பொடியாக ஒழுங்கில்லாத மணல் மாதிரிப் புள்ளிகள் இருந்தால் கல் அச்சு. பூ மாதிரி வட்டமாகச் சேர்ந்த ஒழுங்கான புள்ளிகள், அழுத்தமே இல்லாத பரப்பு என்றால் ஆஃப்செட். அந்தப் பூ வடிவம் வருவது, நான்கு நிறத் திரைகளையும் வெவ்வேறு கோணத்தில் வைப்பதால். வழக்கமாக கறுப்பு 45, மெஜந்தா 75, சயான் என்ற வெளிர்நீலம் 15, மஞ்சள் 0 பாகை. லென்ஸில் புள்ளிகளுக்குப் பதில் தூள் தூவியது போல பளபளத்தால் அது கலர் ஜெராக்ஸ். பழைய அட்டை என்று விலை சொன்னால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெரிய எழுத்துப் புத்தகங்களில் மட்டும் ஏமாறாதீர்கள். ஒரு கட்டையையோ பிளாக்கையோ தேயும்வரை பல பதிப்புகளுக்கு ஓட்டுவார்கள். படம் நூறு வயதுத் தோற்றத்தில் இருக்கும், புத்தகம் அறுபதுகளில் அடித்ததாக இருக்கும். கோடு உடைந்து உடைந்து தெரிந்தால், மூக்கு முனை மழுங்கியிருந்தால், பிளாக் ரொம்ப நாள் உழைத்திருக்கிறது என்று அர்த்தம்.

பாதுகாப்புக்கு வருவோம். வடசென்னையில் இதற்கு மூன்று எதிரிகள்: கடற்காற்றின் ஈரம், மொட்டைமாடியின் சூடு, பூச்சி. நியூஸ் பிரிண்டில், மரத்தின் நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே இருக்கிறது. காற்றும் ஒளியும் பட்டால் பழுப்பாகி, அமிலமாகி, மடித்த இடத்தில் ஒடியும். இதை நிறுத்த முடியாது, மெதுவாக்கலாம். அதனால் பரணுக்குத் திரும்ப அனுப்பவே வேண்டாம். மே மாதம் தளத்துக்கு அடியில் உள்ள பரண் அடுப்பு. தரையும் வேண்டாம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் எங்கே வரை வந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும், அதற்கு மேலே ஒரு தட்டு. வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடைவெளி விட்டு, உள்சுவர் அலமாரியில்.

பெட்டி இறங்கியதும் முதல் வேலை பூச்சி. இராமபாணப் பூச்சி, அதாவது வெள்ளி நிறத்தில் மீன் போல ஓடுவது, பசையையும் அட்டையின் வழவழப்புப் பூச்சையும் சுரண்டித் தின்னும். ஐந்தாறு புத்தகங்களைச் சேர்த்து ஜிப் கவரில் காற்றை நன்றாகப் பிழிந்துவிட்டு மூடி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு 24 மணி நேரம் கவரைத் திறக்கக் கூடாது. திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த காகிதத்தில் முத்து முத்தாக இறங்கும். பூச்சி செத்து, பூஞ்சை பிறக்கும். நாப்தலின் உருண்டை வேண்டாம், அந்த ஆவி பிளாஸ்டிக் உறையைக் கெடுக்கும், நமக்கும் நல்லதல்ல. வேப்பிலை, வசம்பு வைக்கும் பழக்கம் சுவடிக் காலத்திலிருந்து வருவது. வைப்பதானால் சருகாகக் காய்ந்த பிறகு மெல்லிய துணியில் கட்டி வையுங்கள். பச்சை இலை ஈரத்தைத்தான் கொண்டுவரும்.

அடுத்து, புத்தகத்தில் அடித்த கம்பிப் பின். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் சென்டர் பின் அடித்த புத்தகம் என்றால் துரு நிச்சயம். துரு பின்னோடு நிற்காது, சுற்றியுள்ள காகிதத்தைத் தின்று நடுப்பக்கம் தனியாக வந்துவிடும். ஸ்டேப்ளர் பிடுங்கியால் இழுக்காதீர்கள். நடுப்பக்கத்தைத் திறந்து, மழுங்கிய மெல்லிய கத்தி முனையால் பின்னின் இரண்டு கால்களையும் நிமிர்த்தி, வெளிப்பக்கத்திலிருந்து நேராக எடுக்க வேண்டும். துருத்தூளை மெல்லிய பிரஷால் துடைத்துவிட்டு, அதே துளைகள் வழியாக வெள்ளைப் பருத்தி நூலால் ஒரு தையல். முடிச்சு உள்ளே இருக்கட்டும். இறுக்கினால் நூலே காகிதத்தை அறுக்கும்.

கிழிசலுக்கு செலோடேப் ஒட்டுவது போல கெடுதல் வேறில்லை. ஐந்தாறு வருடத்தில் பசை காகிதத்துக்குள் இறங்கி மஞ்சள் பட்டையாகும், பிறகு எந்த வித்தைக்கும் போகாது. மெல்லிய ஜப்பானியத் திசுத்தாளைக் கையால் பிய்த்து (கத்தரித்தால் விளிம்பு தெரியும்), 100 மில்லி தண்ணீரில் 3 கிராம் மெத்தில் செல்லுலோஸ் கரைத்த பசையைப் பூசி, பின்பக்கம் ஒட்டி, மேலேயும் கீழேயும் மெழுகுத்தாளும் மையொற்றுத்தாளும் வைத்து, ஒரு கண்ணாடித் துண்டும் கனமான அகராதியும் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். பைண்டிங் கடைகளில் மைதாப் பசையில் மயில்துத்தம் போடும் வழக்கம் உண்டு. பூச்சி வராதுதான், ஆனால் தாமிர உப்பு காகிதத்தின் நாரையே அரிக்கும். கணக்குப் பேரேட்டுக்குச் சரி, இதற்கு வேண்டாம்.

அழுக்குக்குத் தண்ணீரோ ஸ்பிரிட்டோ தொடாதீர்கள். வெள்ளை வினைல் ரப்பரைத் துருவியில் துருவி, அந்தத் தூளை அட்டையில் தூவி, விரல் நுனியால் வட்டமாக உருட்டித் தள்ளுங்கள். மேல்பூச்சு உரிந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

வெள்ளத்தில் நனைந்தால் விதி வேறு. நியூஸ் பிரிண்ட் உள்பக்கம் காய்ந்தால் நெளியும், பிரியும். ஆர்ட் பேப்பர் அட்டை அப்படியல்ல. அதன் மேல் உள்ள களிமண் பூச்சு ஈரத்தில் பசையாகும், இரண்டு அட்டை முகத்தோடு முகம் ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிரிக்க முடியாது. ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு அட்டைக்கும் நடுவில் பட்டர் பேப்பர் சொருக வேண்டும். நிறைய இருந்து உடனே கவனிக்க முடியாது என்றால் 48 மணி நேரத்துக்குள் ஃப்ரீசரில் போட்டு, நேரம் கிடைக்கும்போது நாலு நாலாக எடுத்துக் காய வையுங்கள். நிழலில், மின்விசிறிக் காற்றில். வெயிலில் அல்ல.

வெயில் பட்டால் முதலில் போவது மெஜந்தாவும் மஞ்சளும். கடைவாசலில் மாட்டிய பழைய போஸ்டர்கள் நீலம் பாய்ந்து நிற்பது அதனால்தான். சுவரில் மாட்ட ஆசையிருந்தால் கலர் பிரின்ட் எடுத்து அதை ஃபிரேம் செய்யுங்கள், அசல் பெட்டிக்குள் இருக்கட்டும். உறை பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர்; கெட்டியாக, வாசனை அடிக்கும் பி.வி.சி. உறை சில வருடத்தில் மையோடு ஒட்டும். புத்தகங்களைப் படுக்கவைத்து ஒரு சாணுக்கு மேல் அடுக்காதீர்கள். பெட்டிக்கு இரண்டு 50 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம், ஈரமானால் ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் வகை. மாறியதும் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் காயவைத்துத் திரும்பப் போடலாம். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் என்பது குறி. மூடிய பெட்டிக்குள் ஒரு சின்ன மீட்டர் வைத்தால் ஊகம் வேண்டியதில்லை. லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் மூடி மறுபக்கம் திறந்திருந்தால் அந்தப் பக்கம் மட்டும் ஈரம் குடித்து, அட்டை அப்பளம் மாதிரிச் சுருளும்.

அந்த இரண்டு பைண்டு வால்யூம்களைப் பிரிக்காதீர்கள். தைத்தவர் ஓரம் வெட்டியதில் படத்தின் கொஞ்சம் போயிருக்கும். பிரித்தால் மிச்சமும் போகும். ஒரு வீட்டார் எதைச் சேர்க்கத் தகுந்தது என்று நினைத்தார்கள் என்பதற்கு அந்தத் தையலே ஆவணம்.

ஸ்கேன் செய்வதானால் 600 டி.பி.ஐ., டிஃப் கோப்பு, தானாகக் கூர்மையாக்கும் வசதி எல்லாம் அணைத்து. பக்கத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாள் வையுங்கள், மறுபக்க எழுத்து மேலே தெரியாது. 300க்குக் கீழே எடுத்தால் அச்சுப் புள்ளிக்கும் ஸ்கேனர் கட்டத்துக்கும் மோதல் வந்து, படத்தில் கைலித் துணி மாதிரிக் கட்டம் கட்டமாக அலை விழும். எடுத்ததை டி-ஷர்ட்டில் அடித்து விற்கலாமா என்றால், கூடாது. ஓவியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. உங்கள் பெட்டியில் உள்ள பாக்கெட் நாவல், காமிக்ஸ் அட்டைகள் பெரும்பாலும் அந்தக் கணக்குக்குள்தான் வரும்.

இனி காசிமேட்டு அட்டை.

அளவு கிரவுன் 1/8, அதாவது சுமார் 5க்கு 7.5 அங்குலம். படத்தை அதன் இரட்டிப்பில், 10க்கு 15ல் வரையுங்கள். சுருக்கும்போது பிரஷ் பிசிறுகள் இறுகும். வெட்டுக்காக அச்சில் 3 மி.மீ. விட வேண்டும், படத்தில் அது 6 மி.மீ. முதலில் தீப்பெட்டி அளவில் பத்துக் குட்டிப் படம், வெள்ளை, சாம்பல், கறுப்பு மூன்றே நிறத்தில். சுவரில் ஒட்டிப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். என்ன நடக்கிறது என்று உடனே புரியாதவற்றைக் கிழித்துப் போடுங்கள். மேல் மூன்றில் ஒரு பங்கு தலைப்புக்கு. அங்கே அழகான மேகம் போட்டு, பிறகு அதன்மேல் எழுத்து ஏற்றிப் புலம்புவது எல்லோரும் செய்யும் தவறு.

என்ன வரைவது? தொப்பியும் நீளக் கோட்டும் போட்ட துப்பறிவாளர் காசிமேட்டில் ஒரு மணி நேரம் தாங்க மாட்டார், வேர்த்தே செத்துவிடுவார். அந்தத் தொப்பி அமெரிக்கக் குளிரில் பிறந்தது. இங்கே பயமுறுத்தும் பொருள்கள் வேறு: விடியற்கால ஏலக் கூடத்தின் ஒற்றை விளக்கு, ஐஸ் பெட்டியின் திறந்த மூடி, வஞ்சிரம் அறுக்கும் அகலக் கத்தி, ஈரத் தரையில் ரப்பர் பூட்ஸ். ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கை; முன்னால் கத்தி பெரிதாக, கோணலாக; பின்னால் படகுகளின் கொடிமரங்கள். போதும். ரயிலும் கதையில் வந்தால் 1856ல் திறந்த ராயபுரம் நிலையத்தின் தூண்கள் பின்னணிக்கு நன்றாக நிற்கும், ஆனால் படகையும் தூணையும் ஒரே அட்டையில் திணிக்காதீர்கள்.

மாதிரிக்கு ஒரு நண்பரை நிறுத்திப் போட்டோ எடுங்கள். அறை விளக்கை அணைத்து, ஒரு மஞ்சள் மேஜை விளக்கைத் தாடைக்குக் கீழே ஒரு பக்கமாக. பின்னாலிருந்து பச்சைக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச். பின் ஒளி காது, தாடை, தோள் விளிம்பில் மட்டும் பட வேண்டும். அட்டையின் அந்த நாடகம் முழுக்க இந்த இரண்டு விளக்கில்தான் இருக்கிறது.

300 ஜி.எஸ்.எம். காகிதத்தை நனைத்துப் பலகையில் கம் டேப்பால் நாலு பக்கமும் ஒட்டிக் காயவிடுங்கள். இல்லையென்றால் முதல் பூச்சிலேயே வயிறு தள்ளும். போஸ்டர் கலரில் லெமன் யெல்லோ, குரோம் யெல்லோ, வெர்மிலியன், கிரிம்சன், அல்ட்ராமரின், விரிடியன், பர்ன்ட் சியன்னா, வெள்ளை, கறுப்பு. பிரஷ் தட்டை 12, உருண்டை 6, 2, 0. முதலில் முழுப் பரப்புக்கும் நடுத்தரச் சாம்பல்பழுப்பு, பிறகு பெரிய இருட்டுகள், பிறகு நடுநிறம், வெளிச்சம் கடைசியில், கெட்டியாக. பின்னணி வண்ணத்தைத் தேவைக்கு இரண்டு மடங்கு கலந்து டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி வராது.

தவறுவது எங்கே என்று சொல்கிறேன். போஸ்டர் கலரில் கருமை காய்ந்தால் வெளிறும், வெளிர்நிறம் காய்ந்தால் கருக்கும். ஆகவே ஓரத்தாளில் பூசிக் காயவைத்துப் பார்க்காமல் முகத்தில் வைக்காதீர்கள். மேலே பூசும்போது கீழ்ப்பூச்சு கரைந்து வரும். பிரஷ் கிட்டத்தட்ட உலர்ந்திருக்க வேண்டும், ஒரே இழுப்பு, திரும்பத் தேய்க்கக் கூடாது. கனமாக அப்பினால் வெடிக்கும். தோல் நிழலுக்குக் கறுப்பு கலந்தால் முகம் கரி பிடித்த மாதிரி ஆகும். பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரினும் கலந்தால் உயிரோடு இருக்கும். எல்லாவற்றிலும் வெள்ளையைக் கலந்தால் சுண்ணாம்படித்த சுவர்தான். பின் ஒளிப் பச்சையை மட்டும் கலக்காமல் சுத்தமாக வையுங்கள்.

தலைப்பைக் கையால் எழுதுங்கள். ஃபான்ட் போட்டால் மொத்த உழைப்பும் வீண். தமிழில் தடித்த எழுத்து எழுதும்போது ண, ன, று, ளு ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். சுழியின் உள்வெளி, கோட்டின் தடிமனில் பாதியாவது இருக்க வேண்டும். கொம்பு, விசிறி, கால் எல்லாவற்றையும் நீட்டிப் படத்துக்குள் இறக்கலாம், கத்தியின் பின்னால் ஒளிக்கலாம். புள்ளியை மட்டும் மறைக்காதீர்கள், வாசிப்பு மாறிவிடும். மஞ்சள் எழுத்துக்குச் சிவப்பு நிழல், அதற்குக் கறுப்பு வெளிக்கோடு. இந்த மூன்றும் எந்தப் பின்னணியிலும் நிற்கும்.

அச்சுக்குக் கொடுக்கும்போது கோப்பை சி.எம்.ஒய்.கே., அதாவது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மைக் கணக்குக்கு மாற்றி, சிவப்பு மெஜந்தா 100, மஞ்சள் 100 என்று முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். அதில் கொஞ்சம் சயான் தானாகப் புகுந்திருந்தால் தூக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் சிவப்பு அழுக்காகும். நியூஸ் பிரிண்டில் வண்ணம் அடித்தால் நாலு மையும் சேர்ந்து 240 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, காயாமல் அடுத்த தாளில் ஒட்டும். அட்டைக்கு ஆர்ட் பேப்பர் 170, உள்ளே 48.8 ஜி.எஸ்.எம். நியூஸ் பிரிண்ட் அல்லது 60 மேப்லித்தோ. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் இவை எல்லாம் கிடைக்கும். வாங்கும்போது நார் ஓட்டம் புத்தக முதுகுக்கு இணையாக வரும்படி வெட்டச் சொல்லுங்கள். குறுக்கே ஓடினால் மடிப்பு வெடிக்கும், புத்தகம் திறந்து நிற்காது.

ஐம்பது நூறு பிரதி என்றால் டிஜிட்டல்தான் கட்டுப்படியாகும். ஆனால் டோனர் பளபளப்பு இந்தப் பாணிக்கு ஒட்டாது, மடிப்பில் உதிரவும் செய்யும். பூச்சில்லாத தாளில் அடித்து, மடிப்புக் கோட்டை முன்னதாக அழுத்தச் சொல்லுங்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவரிடம் சிவப்பு, மஞ்சள், கறுப்பு மூன்றே நிறத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தால் இன்னும் நெருங்கும். அதற்குப் படத்தை ஆரம்பத்திலேயே மூன்று நிறமாக யோசித்து வரைய வேண்டும். புள்ளி போட்டே ஆகவேண்டும் என்றால் 120டி மெஷ்ஷில் (சென்டிமீட்டருக்கு 120 இழை உள்ள துணி) அங்குலத்துக்கு 65 வரிப் புள்ளித் திரை வரை பிடிக்கும், அதற்கு மேல் பொடிப் புள்ளிகள் துணியில் நிற்காது. கறுப்பை மற்ற இரண்டின் மேல் அரை மி.மீ. ஏற விடுங்கள், முன்பு சொன்ன அந்த ரெஜிஸ்டர் விலகலுக்காக.

பக்கங்கள் 64க்குள் என்றால் சென்டர் பின். பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும், பதினாறு பதினாறாக வந்தால் காகிதம் வீணாகாது. அதற்கு மேல் போனால் முதுகு ஒட்டும் பைண்டிங். 96 பக்க நியூஸ் பிரிண்டுக்கு முதுகு மூன்றரை மி.மீ.தான் வரும், அதில் தலைப்பு எழுத ஆசைப்படாதீர்கள். பின் அடிக்கும் கடையில், துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லையென்றால் கம்பிச் சுருளை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.